ஓட்டி ஏற்றுவதும் இழுத்து ஏற்றுவதும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் வடக்கே காடுகளை நோக்கிப் போகும் பிக்கப்புகள் பலவற்றின் முதுகில் ஓர் ஏடிவி உட்கார்ந்திருக்கும். நான்கு பருத்த டயர்கள், இருபுறமும் காலைப் போட்டு உட்கார ஓர் இருக்கை, மோட்டார் சைக்கிள்போல ஒரு கைப்பிடி, முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பித்தட்டு. சேறு, பனி, பாறை எதிலும் போகும் வண்டி. ஆனால் அங்கே பல பொதுச்சாலைகளில் அதை ஓட்ட அனுமதி கிடையாது. ஆகவே காடுவரை அது இன்னொரு வண்டியில் ஏறித்தான் போக வேண்டும். எங்கும் ஏறக்கூடியது என்று பெயர் வாங்கிய இயந்திரத்துக்கு மிகச் சிக்கலான ஏற்றம் வீட்டு வாசலில், பிக்கப்பின் பின்கதவில் இருக்கிறது.

அந்த ஏற்றத்துக்கு வழக்கில் உள்ள வழிகள் இரண்டு. பின்கதவை இறக்கி, அலுமினியச் சாய்பலகையைச் சாத்தி, வண்டியின் மேல் உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவது ஒன்று. அதே பலகையை வைத்து, ஆள் யாரும் மேலே உட்காராமல், வின்ச் என்னும் மின்மோட்டார் உருளையின் கயிற்றால் இழுத்து ஏற்றுவது மற்றது. முதல் வழிக்காரர்கள் இரண்டாம் வழியைச் சோம்பேறித்தனம் என்பார்கள். இரண்டாம் வழிக்காரர்கள் முதல் வழியில் விழுந்தவர்களின் கதையைச் சொல்வார்கள். இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிட்டு, எடை எங்கே நிற்கிறது, விசை எந்தப் பக்கம் போகிறது, ஆள் எங்கே இருக்கிறான் என்று மட்டும் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது.

முதலில் இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. எடை நூறு கிலோவுக்கும் குறைவு. திடமான இரண்டு ஆட்கள் இருந்தால் தூக்கியே வைத்துவிடலாம். 1980களின் தொடக்கத்தில் சுசூகி நான்கு சக்கரத்தைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியதால், 1988இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு உற்பத்தியாளர்கள் நீதிமன்ற ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். அதன்பின் வந்த நான்கு சக்கர வண்டிகள் பெருத்துக்கொண்டே போயின. நான்கு சக்கரத்துக்கும் இயக்கம், பெரிய என்ஜின், பவர் ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்து, சாமான் சுமக்கும் வகை ஏடிவி இன்று ஏறக்குறைய 300 கிலோ. இன்னொரு பக்கம் பிக்கப்பும் உயர்ந்தது. நான்கு சக்கர இயக்கமுள்ள முழு அளவு பிக்கப்பின் பின்கதவை இறக்கினால் அது நிலத்திலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். ஏற்ற வேண்டிய எடை மும்மடங்கானது. ஏற வேண்டிய உயரமும் கூடியது.

அகலம் மட்டும் தப்பித்தது. பிக்கப் பெட்டிக்குள் சக்கர மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம் சுமார் 50 அங்குலம். நான்கடி அகல ப்ளைவுட் பலகை தட்டையாகக் கிடக்க வேண்டும் என்ற தச்சர் தேவைக்கு ஏற்ற அளவு அது. அமெரிக்க வனத்துறையின் ஏடிவி பாதைகள் பலவற்றிலும் அகல வரம்பு 50 அங்குலம்தான். ஏடிவிகள் 46, 48 அங்குலத்தில் நின்றுவிட்டதால் இரண்டுக்குள்ளும் பொருந்துகின்றன. அருகருகே இருவர் அமரும் பெரிய வகைகள் 60 அங்குலத்தைத் தாண்டுவதால் அவற்றுக்கு டிரெய்லர்தான் கதி. அவை இந்த ஒப்பீட்டுக்கு வெளியே.

இனி கணக்குக்கு வருவோம். 90 சென்டிமீட்டர் உயரம், ஏழரை அடி, அதாவது ஏறக்குறைய 230 சென்டிமீட்டர் நீளப் பலகை. சாய்வு 23 பாகை. இந்தச் சாய்வில் 300 கிலோ வண்டியைக் கீழே நழுவாமல் நிறுத்த வேண்டிய விசை 117 கிலோ எடைக்குச் சமம். டயர் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் 130 என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டினாலும் இழுத்தாலும் இது மாறாது. வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கும் வேலையும் ஒன்றேதான். ஓட்டுபவர் அந்த வேலையை மூன்று நான்கு விநாடியில் முடிக்கிறார். வின்ச் அதற்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒருபுறம் முப்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட என்ஜின். மறுபுறம் ஒரு குதிரைத்திறன் அளவிலான சிறு மின்மோட்டார், பல்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்டு ஆமை நடை நடக்கிறது. இந்த நேர வேறுபாட்டைத்தான் பலரும் ஓட்டுவதற்கு ஆதரவான வாதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எதிர்வாதமாகவே படுகிறது. மூன்று விநாடியில் நடக்கும் தவறைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

வேகத்தைவிட முக்கியமானது விசை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது. மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்துவதற்கும் பின்னால் நின்று வாலை முறுக்கி விரட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் உண்டு. ஓட்டும்போது விசை பிறப்பது டயர் பலகையைத் தொடும் இடத்தில், அதாவது வண்டியின் அடிமட்டத்தில். ஆனால் எடையின் மையம் அதற்கு அரை மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே தள்ளு, மேலே சுமை. விளைவு, மூக்கு தூக்க முயல்கிறது. அதன்மேல் 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் எடை மையம் இன்னும் மேலே போகிறது. வண்டியின் எடை மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு, ஆளையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், சுமார் 41 பாகையில் வண்டி பின்னோக்கிப் புரளும். 23 பாகைப் பலகைக்கு அது தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் த்ராட்டிலை அழுத்தினால் முடுக்கமும் சாய்வோடு சேர்ந்துகொள்ளும். ஈர்ப்பின் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு முடுக்கினாலே 23 பாகை, 37 பாகைபோல நடந்துகொள்ளும். ஏழரை அடிப் பலகைக்குப் பதிலாக ஆறடிப் பலகை என்றால் அதே முடுக்கத்தில் 42. வரம்பு தாண்டியாயிற்று. முன்சக்கரம் காற்றில் எழும். ஓட்டுபவர் பின்னால் சாய்வார், சாயும்போது கட்டைவிரல் த்ராட்டிலை இன்னும் அழுத்திவிடும். 300 கிலோ இயந்திரம் மேலே விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வின்ச்சில் கொக்கி மாட்டும் இடம் வண்டியின் முன்பக்கம், ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில். எடை மையத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். கீழே இழுக்கும் எடையும் மேலே இழுக்கும் கயிறும் ஒரே மட்டத்தில் மோதிக்கொள்வதால் மூக்கைத் தூக்கும் திருகல் அநேகமாக இல்லாமல் போகிறது. மேலே ஆளும் இல்லை. பலகை நடுவில் வண்டி இருக்கும்போது கயிற்றின் சாய்வு பலகையின் சாய்வைவிடக் குறைவு. அதனால் கயிறு முன்சக்கரங்களைப் பலகையோடு சேர்த்துச் சற்று அழுத்தவும் செய்கிறது. வின்ச்சின் பலத்தை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட இந்த அரை மீட்டர் உயரம் பெரிதாகத் தெரிகிறது.

பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னும் சுவையானது. ஓட்டி ஏறும்போது வேகம் மாறாமல் ஏறினால் வண்டியின் எடை பலகைமேல் நேர் கீழ்நோக்கி மட்டும் விழுகிறது. பலகைக்கு எந்தப் பக்கமும் நழுவ அவசியமில்லை. ஆனால் அரை நொடி த்ராட்டில் கூடினால், டயர் வண்டியை முன்னே தள்ளும் அதே அளவுக்குப் பலகையைப் பின்னே உதைக்கும். முன்னே சொன்ன முடுக்கத்துக்கு இந்த உதை நூறு கிலோவுக்கு மேல் வரும். முன்சக்கரம் பின்கதவுமேல் ஏறி, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும் கணம்தான் மோசமானது. முன்சக்கரம் விளிம்பில் தட்டித் தயங்கும், ஓட்டுபவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கொடுப்பார், பலகை பின்னோக்கிப் பறந்து விழும், வண்டியின் பின்பாகம் தொப்பென்று தரைக்கு இறங்கும். போதாததற்கு, எடை ஏறியதும் பிக்கப்பின் பின் ஸ்ப்ரிங் அழுந்திப் பின்கதவு சில சென்டிமீட்டர் தாழ்கிறது. அப்போது பலகையின் அடியும் தானாகக் கொஞ்சம் நகர்கிறது. பலகையைப் பிக்கப்பின் பம்பரோடு சங்கிலியாலோ பட்டையாலோ பிணைக்காமல் ஓட்டுவது தைரியம் ஆகாது, கணக்குத் தெரியாமை.

வின்ச் இழுக்கும்போது இந்தப் படம் தலைகீழாகிறது. நியூட்ரலில் உருளும் சக்கரம் பலகையைப் பின்னுக்கு உதைப்பதில்லை. பலகையின் பரப்புக்குச் செங்குத்தாக மட்டும் அழுத்துகிறது. பரப்பு சாய்ந்திருப்பதால் அந்த அழுத்தத்தின் ஒரு பங்கு, இதிலும் நூறு கிலோவை ஒட்டிய அளவு, பலகையைப் பிக்கப்பை நோக்கித் தள்ளுகிறது. ஒரே பலகை, ஒரே வண்டி. ஒரு முறையில் வெளியே உதைபடுகிறது, மறுமுறையில் உள்ளே அழுந்துகிறது. பிணைப்புச் சங்கிலி இங்கேயும் வேண்டும்தான். ஆனால் அங்கே அது உயிர்காப்பு, இங்கே மறுகாப்பு.

பிடிமானத்தையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் மிச்சிகனில் பலகை ஈரமாக இருக்கும், டயரில் சேறு அப்பியிருக்கும், காலையில் உறைபனியும் சேரும். 23 பாகையில் ஓட்டி ஏற நான்கு சக்கரமும் இயங்கினால் டயருக்கும் அலுமினியத்துக்கும் இடையே 0.42 உராய்வுக் கெழு போதும். பின்சக்கரம் மட்டும் இயங்கினால் அது 0.6. சேறு பூசிய உலோகத்தில் இது எளிதில் கிடைக்காது. டயர் சுழலும், நின்றுபோகும், பக்கவாட்டில் வழுக்கும். வின்ச்சுக்கு வேண்டிய உராய்வு பூஜ்யம்.

இவ்வளவும் சொன்னால் தீர்ப்பு முடிந்ததுபோல இருக்கும். முடியவில்லை. ஓட்டுவதில் இருக்கும் ஒரு நன்மை வின்ச்சில் அறவே இல்லை: உணர்வு. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அடிவயிறு பின்கதவு விளிம்பில் உரசுவது முதுகெலும்பில் தெரியும், ஒரு சக்கரம் பலகை ஓரத்துக்கு நகர்வது கையில் தெரியும். வின்ச்சுக்கு எதுவும் தெரியாது. 2,500 பவுண்டு, அதாவது 1,134 கிலோ இழுக்கும் என்று எழுதி விற்கப்படும் சிறிய வின்ச்கூட இங்கே தேவையான 130 கிலோவைப்போல எட்டு மடங்குக்கு மேல் பலம் கொண்டது. அடிப்பாகம் விளிம்பில் மாட்டிக்கொண்டாலும் அது இழுத்துக்கொண்டே போகும், ஏதாவது ஒன்று உடையும்வரை. ரிமோட்டைப் பிடித்திருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை மோட்டாரின் சத்தம் கனத்து இறங்குவது. கண்ணால் பார்ப்பதோடு காதும் கொடுக்க வேண்டிய வேலை இது. இந்த இடத்தில்தான் வளைந்த பலகைகள் உதவுகின்றன. நடுவில் மேல்நோக்கி வளைந்திருப்பதால் பலகையும் பின்கதவும் சேரும் இடத்தில் முனை கூர்மையாக இராது, அடிவயிறு மாட்டாது. அதற்கு விலையாக அடியில் தொடக்கச் சாய்வு கூடுகிறது. கூடிய தொடக்கச் சாய்வு ஓட்டுபவருக்குச் சங்கடம், வின்ச்சுக்கு ஒன்றுமில்லை.

உணர்வு இல்லாத இன்னொரு விஷயம் திசை. வின்ச்சில் ஏறும் வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. கைப்பிடி கொஞ்சம் திரும்பியிருந்தாலும் சக்கரம் பலகையை விட்டு விலகும். அதைத் தடுக்கச் சிலர் பக்கத்தில் நடந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்து வருகிறார்கள். பாதி உயரத்துக்குமேல் காலுக்கு இடம் இருக்காது. கையெட்டிப் பிடிப்பவரும் சேர்ந்து தடுமாறுவார். கைப்பிடியை இருபுறமும் முன் கம்பித்தட்டோடு இரண்டு பட்டைகளால் நேராகக் கட்டிவிட்டுத் தள்ளி நிற்பது நல்லது. தள்ளி என்றால் பக்கவாட்டில். வண்டிக்குப் பின்னால் நின்று ‘ஒரு கை கொடுக்கிறேன்’ என்று தள்ளுபவர், ஓட்டி ஏற்றுவதில் உள்ள அபாயம் முழுவதையும் வின்ச் முறைக்குள் மறுபடி கொண்டுவந்துவிடுகிறார். கொக்கி நழுவினால் 300 கிலோவும் அவர்மேல்தான் உருளும்.

வின்ச் எங்கே இருக்கிறது என்பதிலும் இரண்டு பிரிவு உண்டு. ஏடிவிக்கு முன்னாலேயே வின்ச் பொருத்தியிருப்பவர்கள், அதன் கயிற்றை வெளியே எடுத்து, பிக்கப் பெட்டியின் முன்சுவரில் உள்ள ஒரு பிடியில் மாட்டி, வண்டியைத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏற வைக்கிறார்கள். காட்டில் சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டி வெளியே வரும் அதே வின்ச். தனிச் செலவு இல்லை. இரண்டாம் பிரிவினர் பெட்டிக்குள் முன்பக்கத்தில் தனி வின்ச்சைப் பொருத்துகிறார்கள். இதற்குப் பிக்கப் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுக்க வேண்டும். முழுச்சுமையில் வின்ச் நூறு ஆம்பியருக்கு மேல் குடிக்கும். பெட்டித் தகட்டில் நான்கு போல்ட் போட்டு விட்டுவிடக் கூடாது, கீழே சட்டத்தைப் பிடிக்க வேண்டும். இத்தனை வேலைக்கும் பலன் ஒன்று உண்டு: ஏடிவியின் பேட்டரி செத்திருந்தாலும், தண்ணீரில் மூழ்கி என்ஜின் நின்றிருந்தாலும் இது இழுக்கும். ஓட்டி ஏற்றும் முறைக்கும், தன்னைத்தானே இழுக்கும் முறைக்கும் வண்டி உயிரோடு இருக்க வேண்டும். குளிரில் பேட்டரியின் வலு குறைவதும், வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் ஊரிலிருந்து தொலைவில் என்பதும் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்குகின்றன.

கயிறு பிடிக்கும் உயரத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பெட்டியின் அடிமூலையில் சாமான் கட்ட வைத்திருக்கும் வளையங்களில் கயிற்றை மாட்டினால், வண்டி இன்னும் தரையில் நிற்கும்போது கயிறு நேர்கோட்டில் போக முடியாது. பின்கதவின் விளிம்பில் மடங்கி உரசும். 90 சென்டிமீட்டர் உயரப் பின்கதவு, ஐந்தரை அடிப் பெட்டி, அரை மீட்டர் உயரத்தில் வண்டியின் கொக்கி என்று கோடு போட்டுப் பார்த்தால், பிடி பெட்டித் தளத்துக்குமேல் 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருந்தால்தான் கயிறு விளிம்பைத் தொடாது. பெட்டிச் சுவரின் மேல்விளிம்பை ஒட்டி என்று சொல்லலாம். அதைவிட மிக உயரமாக வைத்தால் கடைசி ஒரு மீட்டரில் கயிறு மூக்கைத் தூக்கத் தொடங்கும். தாழ்ந்த பிடியே கிடைக்கிறது என்றால் விளிம்பில் ஓர் உருளையையோ பழைய டயர்த் துண்டையோ வைக்க வேண்டும்.

உரசல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இப்போது பலரும் வைத்திருப்பது பாலிஎதிலீன் இழைக் கயிறு. டைனீமா என்ற வணிகப்பெயரில் தெரிந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், எடையே இல்லாததுபோல இருக்கும், அறுந்தால் இரும்பு வடம்போலச் சாட்டையாக வீசாது. ஆனால் கூர்விளிம்பும் மணலும் வெயிலும் அதற்கு ஆகாது. வெப்பம் இன்னும் ஆகாது. 150 பாகை செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். இரும்பு வடம் உரசலைத் தாங்கும், உடைந்த இழைகள் கையுறை இல்லாத உள்ளங்கையைக் கிழிக்கும், அறுந்தால் எதிரில் இருப்பவரை வெட்டும். பின்கதவைத் தாண்டி இழுக்கும் இந்த வேலைக்கு மட்டும் என்றால், விளிம்புக் காப்போடு இழைக் கயிற்றைத்தான் நான் சொல்வேன்.

இறக்குவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏற்றிவிட்ட களிப்பிலோ, வேட்டை முடிந்த அசதியிலோ விட்டுவிடுகிறார்கள். ஓட்டி இறக்குபவர் பின்னோக்கி, தான் பார்க்க முடியாத திசையில், ரிவர்ஸ் கியரில் இறங்க வேண்டும். இடையில் பயந்து பிரேக்கை இறுக்கினால் டயர் பலகையை மறுபடி வெளிப்பக்கம் உதைக்கும். ஏறும்போது த்ராட்டில் செய்ததை இறங்கும்போது பிரேக் செய்கிறது. வின்ச்சில் இறக்குவது நிதானமானது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். ஏடிவி வின்ச்சுகள் பலவற்றில் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது அந்தப் பிரேக் உராய்ந்து சூடாகும், அதன்மேல் சுற்றியிருக்கும் இழைக் கயிறு அந்தச் சூட்டை வாங்கும். இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை நிறுத்தி இறக்குவது பாட்டி வைத்தியம் இல்லை, காரணத்தோடு சொல்லப்படுவது. க்ளட்சை விடுவித்துக் கயிற்றைச் சுதந்திரமாக ஓடவிட்டு இறக்குபவரும் உண்டு. அதைத் தடுக்கக் கட்டுரை எழுதிப் பயனில்லை.

ஏற்றியபின் வின்ச் கயிற்றை இறுக்கியபடியே விட்டுப் பயணம் போவதும் இப்படி ஒரு பழக்கம். சாலையின் ஒவ்வொரு குழியும் அந்தச் சிறு பல்சக்கரங்களில் போய் அடிக்கும். கயிற்றைத் தளர்த்திவிட்டு, நான்கு மூலையிலும் ராட்செட் பட்டை போட வேண்டும். இதில் ஓட்டியவருக்கும் இழுத்தவருக்கும் விதி ஒன்றே.

அப்படியானால் ஓட்டி ஏற்றுவதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. யமஹா ராப்டர் போன்ற பந்தய வகைகள் 200 கிலோவுக்குள் இருப்பவை, மையம் தாழ்ந்தவை. பயிற்சியுள்ளவர் எட்டடிப் பலகையில், பிணைப்போடு, காய்ந்த நாளில், நின்ற நிலையில் உடலை முன்னால் வளைத்து, ஒரே சீரான மெதுவான ஓட்டத்தில் ஏற்றுவது பிழையான காரியம் அன்று. கெடுப்பது வேகம்தான். ‘கொஞ்சம் ஓடிவந்து ஏறினால் ஏறிவிடும்’ என்று தூரத்திலிருந்து வருபவர்களில் சிலர் ஏறியும் விடுகிறார்கள். நிற்க மட்டும் இடமிருப்பதில்லை. பிக்கப்பின் பின்கண்ணாடி உடைவது இப்படித்தான்.

காட்டுப்பக்கத்தில் பழகியவர்கள் இரண்டையும் தவிர்க்கப் பார்ப்பார்கள். சாலையோரத்தில் ஒரு மண்மேடு, ஒரு பள்ளம், சரிவான கரை கண்டால் பிக்கப்பைப் பின்னோக்கி அதில் பொருத்துவார்கள். பின்சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கும், பின்கதவு கரையின் மட்டத்துக்கு வரும். 90 சென்டிமீட்டர் 30 ஆகிவிட்டால் அதே ஏழரை அடிப் பலகையின் சாய்வு எட்டுப் பாகைக்குள் அடங்கும். எட்டுப் பாகையில் யார் ஓட்டினாலும் மூக்கு தூக்காது, பலகையை உதைக்க அவசியமும் வராது. மேலே போட்ட கணக்கெல்லாம் சமதளமான வாகன நிறுத்தத்தில், சிமெண்ட் வாசலில் ஏற்றுபவருக்குத்தான் பொருந்தும். ஆனால் எல்லோரும் பயணத்தைத் தொடங்குவது அங்கிருந்துதான்.

ஆகவே புதிதாக வாங்குபவருக்கு என் வரிசை இது. முதலில் எட்டடிக்குக் குறையாத வளைந்த பலகை, அதைப் பிக்கப்போடு பிணைக்க இரண்டு பட்டைகள். அதன்பின் வின்ச். அதிலும் 4,500 பவுண்டு வேண்டியதில்லை. அது சேற்றின் உறிஞ்சலை எதிர்க்கத் தேவைப்படலாம், பிக்கப்பில் ஏற்ற 2,500 தாராளம். ஏடிவியில் ஏற்கெனவே வின்ச் உள்ளவர் வாங்க வேண்டியது, பெட்டியின் முன்சுவரில் சரியான உயரத்தில் சட்டத்தோடு பொருத்தத்தக்க ஒரு பிடி மட்டும்.